அழுகிய சடலத்தில் காயம்: உயிர் இருந்தபோது பட்டதா, செத்த பிறகா?

தாலுகா ஆஸ்பத்திரிகளில் டூட்டி பார்க்கும் இளம் டாக்டர்கள் எனக்குப் போன் செய்து கேட்பதில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "மேடம், பாடி டீகம்போஸ் ஆகிடுச்சு. உடம்பு பூரா கறுப்பா இருக்கு. அடிச்ச காயமான்னு இன்ஸ்பெக்டர் கேக்கறார். என்ன எழுதறது?"

எழுதப்படும் பதில்கள் பெரும்பாலும் இரண்டு வகை. "சடலம் அழுகிய நிலையில் இருப்பதால் காயங்கள் பற்றிக் கருத்துக் கூற இயலவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது ஒன்று. கறுத்துக் கிடக்கிற இடத்தையெல்லாம் அளந்து, கன்றிய காயம் என்று வரிசையாக எழுதி, கடைசியில் "அனைத்தும் உயிருடன் இருந்தபோது ஏற்பட்டவை" என்று கையெழுத்துப் போடுவது இன்னொன்று. முதலாவது கொலைகாரனைக் காப்பாற்றும்; இரண்டாவது செய்யாத கொலைக்கு ஒருவனை உள்ளே தள்ளும். இரண்டுக்கும் நடுவே செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. சட்ட மருத்துவத் துறையில், பெரும்பாலும் கிணறுகள் நிறைந்த மேற்கு மாவட்டங்களில், பல வருடங்களாக நான் செய்துவரும் முறையை இங்கே எழுதுகிறேன்.

நிறத்தை நம்பாதீர்கள். இரத்தம் எவ்வளவு ஆழத்தில், எந்த இடத்தில், எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறது என்று பாருங்கள்.

நிறம் ஏன் ஏமாற்றும்

இதயம் நின்றதும் இரத்தம் தாழ்ந்த பக்கமாக இறங்கித் தேங்கும். குடலில் இருக்கும் கிருமிகள் வெளியே பரவத் தொடங்கும். குறிப்பாக கிளாஸ்ட்ரிடியம் வகை கிருமிகள் சிவப்பணுக்களின் உறையை உடைக்கும். உடைந்த ஹீமோகுளோபினோடு ஹைட்ரஜன் சல்பைடு வாயு சேரும்போது பச்சை நிறம் வரும். சீக்கம் என்கிற பெருங்குடலின் தொடக்கம் தோலுக்கு அருகே இருப்பதால் அது வலது அடிவயிற்றில் முதலில் தெரியும். நம் ஊர் வெயிலில் இதற்கு ஒரு நாள் கூட வேண்டாம். அடுத்து இரத்தக் குழாய்கள் ஓடும் வழியெல்லாம் தோலில் பச்சைக் கறுப்புக் கோடுகள் கிளைவிடும். மார்பிளிங் என்பது இதுதான். அதன் பிறகு சாயம் குழாய்களுக்கு வெளியே கசிந்து, சுற்றியுள்ள கொழுப்பு, தசை எல்லாவற்றையும் ஊறவைக்கும்.

புதுச் சடலத்தில் கன்றிய காயத்தையும் தாழ்ந்த பக்கத் தேக்கத்தையும் பிரிப்பது சுலபம். கீறிப் பார்த்துத் தண்ணீர் விடுங்கள். தேக்கம் என்றால் குழாயிலிருந்து வடிந்து கழுவிப் போய்விடும், காயம் என்றால் திசுவுக்குள் ஊறிய இரத்தம் போகாது. எம்.பி.பி.எஸ். படிக்கும்போதே சொல்லிக்கொடுத்த விஷயம். அழுகிய சடலத்தில் இதை அப்படியே செய்தால் மாட்டிக்கொள்வீர்கள். அங்கே தேக்கமும் திசுவுக்குள் ஊறித்தான் இருக்கும், கழுவினாலும் போகாது. முதுகு, பின்கழுத்து, தலையின் பின்புறத் தோலின் அடிப்பகுதி ஆகிய மூன்று இடங்களிலும் ஒன்றுமே நடக்காத சடலத்தில்கூட அடிபட்ட மாதிரிக் கறுத்திருக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. தண்ணீரில் கிடந்த சடலத்தில் நிஜமான வெட்டுக்காயத்தின் இரத்தம் கரைந்து போய், காயம் வெளுத்துப்போன இறைச்சித் துண்டாகக் கிடக்கும். அங்கே "இரத்தக் கசிவு இல்லை, எனவே இறந்த பின் ஏற்பட்டது" என்று எழுதினால் அதுவும் தப்பு. அழுகிய சடலத்தில் இரத்தம் இருப்பதும் தனியாக எதையும் நிரூபிக்காது, இல்லாததும் நிரூபிக்காது.

கத்தியை எடுப்பதற்கு முன்

குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 194-ஆம் பிரிவின் கீழ் (2024 ஜூலை 1-க்கு முன்பு சி.ஆர்.பி.சி. 174) வரும் விசாரணை அறிக்கையில் சடலம் கிடைத்த இடம் இருக்கும். எப்படி எடுத்தார்கள் என்பது பெரும்பாலும் இருக்காது. அதைக் கேட்டு வாங்குவது உங்கள் வேலை. கூட வந்த போலீஸ்காரருக்குத் தெரியவில்லை என்றால் ஸ்டேஷனுக்குப் போன் போடச் சொல்லுங்கள். முடிந்தால் சடலத்தை எடுத்த தீயணைப்புத் துறை ஆளிடமே பேசுங்கள். கிணற்றில் பாதாளக் கரண்டி போட்டார்களா, கயிறு எங்கே கட்டினார்கள், மேலே இழுக்கும்போது சுவரில் உரசியதா, படிக்கல்லில் மோதியதா? புதரில் கிடந்தது என்றால் நாய் இழுத்ததா? புதைத்த சடலம் என்றால் மண்வெட்டியா, ஜே.சி.பி.யா? தூக்குப் போட்ட சடலம் என்றால் கயிற்றை அறுத்தபோது கீழே விழுந்ததா, யாராவது தாங்கிப் பிடித்தார்களா?

இடத்தில் எடுத்த போட்டோக்களைச் செல்போனிலாவது பாருங்கள். சடலம் எந்த வாட்டத்தில் கிடந்தது என்று தெரிந்தால்தான் தாழ்ந்த பக்கம் எது என்று தெரியும். தண்ணீரில் மிதக்கும் சடலம் பெரும்பாலும் குப்புறக் கிடக்கும், தலையும் கைகால்களும் கீழே தொங்கும். ஆகவே தண்ணீரிலிருந்து வந்த சடலத்தில் முகமும் கழுத்தும் நெஞ்சின் மேல்பகுதியும் கறுத்திருப்பது எதிர்பார்க்க வேண்டியதுதான். அடியில் உரசுவதால் நெற்றி, புறங்கை, முழங்கால், கால் விரல்களில் சிராய்ப்பும் இருக்கும். இவ்வளவையும் "தாக்குதல்" என்று எழுதியிருந்த ஒரு ரிப்போர்ட்டை இரண்டாம் கருத்துக்காக எனக்கு அனுப்பினார்கள். அதைப் படித்து முடிக்கும்வரை எனக்கு வயிறு கலங்கிக்கொண்டே இருந்தது.

துணியை அவிழ்ப்பதற்கு முன் துணியில் இருக்கும் கிழிசலையும் உடம்பில் இருக்கும் காயத்தையும் பொருத்திப் பாருங்கள். அவிழ்த்துத் துவைத்துக் காயப்போட்ட பிறகு பொருத்திப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

புழுவைக் கழுவி விடாதீர்கள்

பிணவறை அண்ணன்மார்கள் நல்ல எண்ணத்தில், டாக்டர் வருவதற்குள் ஹோஸ் பைப்பைத் திருகிச் சடலத்தைச் சுத்தமாக அலசி வைத்துவிடுவார்கள். "அண்ணே, நான் வந்து பார்த்த பிறகு தண்ணி விடலாம்" என்று முதல் நாளே சொல்லி வையுங்கள். ஒரு சத்தமும் இல்லாமல் கேட்டுக்கொள்வார்கள்.

ஈ முட்டையிடப் பிடித்த இடம் கண், மூக்கு, வாய், பிறப்புறுப்பு, ஆசனவாய். ஈரமும் இருட்டும் இருக்கும் இடங்கள். தோல் முழுசாக இருக்கும் முன்கையிலோ விலாவிலோ புழு மொத்தமாகக் குவிந்து, முகத்தில் இருப்பதைவிடப் பெரிதாகவும் இருந்தால், அங்கே தோல் முன்பே திறந்திருந்ததா என்று சந்தேகப்படுங்கள். இது தேட வேண்டிய இடத்தைக் காட்டும், அவ்வளவுதான். அழுகல் கொப்புளம் உடைந்த இடத்திலும் ஈ முட்டையிடும். செத்த பிறகு நாய் கடித்த இடத்திலும் இடும். புழுக்கூட்டத்தைப் போட்டோ எடுத்து, பெரியவற்றில் கொஞ்சத்தை வெந்நீரில் போட்டுக் கொன்று, பிறகு 80 சதவீத ஆல்கஹாலில் வைத்துவிட்டு, அதன் பின் தண்ணீர் விடுங்கள். வேகமாக அல்ல. மேல்தோல் கைபட்டாலே உரிந்து வரும் நிலையில் இருக்கும். தேய்த்தால் காயத்தின் ஓரம் போய்விடும்.

உரிந்து வருவது எப்போதும் நஷ்டமில்லை. மேல்தோல் போன பிறகு அடித்தோலில் இருக்கும் கன்றல் முன்பைவிடத் தெளிவாகத் தெரியும். கறுத்த நிறமுள்ளவர்களிடம் இது ரொம்ப உதவும். கழுவும் முன்பு ஒரு போட்டோ, கழுவிய பின்பு ஒரு போட்டோ, இரண்டிலும் அளவுகோல் இருக்கட்டும்.

எக்ஸ்ரே எடுக்க வசதி இருந்தால் இந்த இடத்தில் எடுத்துவிடுங்கள். குண்டு, உடைந்த கத்தி முனை, ஒட்டிய பழைய முறிவு எல்லாம் அழுகலுக்கு அசையாமல் அப்படியே இருக்கும்.

காயம் மாதிரி இருப்பவை

எறும்பு கடித்த இடம் காய்ந்து பழுப்பாக, ஓரம் நெளிந்து நெளிந்து, சிராய்ப்பாகவே தெரியும். கழுத்துப் பட்டை, இடுப்பு, அக்குள் என்று துணியின் ஓரத்தை ஒட்டி வரிசையாக இருந்தால் எறும்பை நினையுங்கள். எலி கண்ணிமை, மூக்கு நுனி, உதடு, விரல் நுனி ஆகியவற்றைக் கொறிக்கும். ஓரத்தில் சின்னச் சின்னப் பல் தடம் இருக்கும். மீனும் நண்டும் ஆமையும் இமை, உதடு, காது மடலில் தொடங்கும். நாய் தின்ற இடத்தில் ஓரம் கிழிந்திருக்கும். சற்றுத் தள்ளிக் கோரைப்பல் இறங்கிய குழிகள் இருக்கும், எலும்பின் முனை மெல்லப்பட்டிருக்கும்.

உப்பிய உடம்பில் தோல் தானாகவே பிளக்கும். வாயு உள்ளிருந்து தள்ளத் தள்ள வயிற்றிலோ தொடையிலோ நீளவாக்கில் விரியும். பார்த்தால் கத்திக் காயம் என்றுதான் தோன்றும். ஓரத்தை விரலால் விரித்து அடியைப் பாருங்கள். பிளவு தோலோடு நின்றுவிடும். கீழே தசை வெட்டுப்படாமல் முழுசாக இருக்கும். அதே வாயுவால் நிஜமான குத்துக்காயமும் அகலமாக விரிந்து கிடக்கும் என்பதால் அகலத்தை வைத்துக் கத்தியின் அளவைச் சொல்லப் போகாதீர்கள்.

கழுத்தில் இருக்கும் பள்ளம் தனிக்கதை. உப்பிய கழுத்தில் சட்டைக் காலர், தாலிக்கயிறு, தாயத்துக் கயிறு எல்லாம் ஆழமாகப் பதிந்து, இறுக்கிக் கொன்ற தடமாகவே நிற்கும். உடனே இடுப்பைப் பாருங்கள். அரைஞாண் கயிறும் அதே மாதிரிப் பதிந்திருந்தால், கழுத்தில் இருப்பதற்கும் உப்பலே காரணமாக இருக்கலாம். குண்டான ஆட்களுக்கும் குழந்தைகளுக்கும் கழுத்து மடிப்பே பள்ளமாக நிற்கும். நிஜமான கயிற்றுத் தடத்தின் அடி காய்ந்து, மஞ்சள் பழுப்பாகக் கெட்டிப்பட்டு, சுற்றிலும் எல்லாம் அழுகிய பிறகும் மிச்சமிருப்பது உண்டு. ஆனால் செத்த பிறகு தொங்கவிட்டாலும் அந்தக் காய்ந்த தடம் வரும். ஆகவே தடம் இருக்கிறது என்று எழுதுங்கள். உயிரோடு இருந்தபோது வந்தது என்று தடத்தை மட்டும் வைத்து எழுதாதீர்கள்.

திறக்கும் வரிசை

தலை முதலில். பிறகு நெஞ்சும் வயிறும். கழுத்து கடைசியில். இந்த வரிசையை மாற்றாதீர்கள். கழுத்தை முதலில் அறுத்தால் நிரம்பியிருக்கும் சிரைகளிலிருந்து இரத்தம் கசிந்து, உணவுக்குழாய்க்குப் பின்னால், கழுத்தெலும்பின் முன்பக்கத்தில் போய்ப் படியும். நெரித்த காயம் மாதிரியே இருக்கும். தென்னாப்பிரிக்காவில் பிரின்ஸ்லூ, கார்டன் என்ற இருவர் 1951-இல் இதை விளக்கி எழுதினார்கள்; அவர்கள் பெயரிலேயே இன்றும் வழங்குகிறது. மூளையையும் நெஞ்சு உறுப்புகளையும் எடுத்துவிட்டால் கழுத்துக்கு மேலும் கீழும் வடிகால் கிடைக்கும். தோள்களுக்கு அடியில் ஒரு கட்டையை வைத்து, சற்று நேரம் வடியவிட்டு, அப்புறம் அடுக்கடுக்காகப் பிரியுங்கள். அழுகிய கழுத்து என்று ஒரே வெட்டில் மொத்தமாக இழுத்து எடுக்கிற வேலை வேண்டாம்.

தலையில் நான் முதலில் பார்ப்பது தோலின் உள்பக்கத்தை அல்ல. காதுக்கு மேலே உள்ள டெம்பொராலிஸ் தசையை. கெட்டியான உறை போர்த்திய தசை அது, சாயம் எளிதில் இறங்காது. ஒரு பக்கம் மட்டும், தசையின் முழு ஆழத்துக்கும், எலும்பு வரை இரத்தம் உறைந்து நின்றால் அதற்கு மதிப்பு அதிகம். இரண்டு பக்கத்தையும் ஒரே ஆழத்தில் கீறி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மூளை கூழாகியிருக்கும். அதனால் மண்டையைத் திறக்கும்போது கீழே ஒரு டிரே வையுங்கள். ஒன்றும் சாக்கடைக்குப் போகக்கூடாது. டியூரா என்கிற வெளி மூளைச் சவ்வு மூளை கரைந்த பிறகும் நாள்கணக்கில் கிழியாமல் தாங்கும். அதன் வெளியிலோ உள்ளிலோ ஒட்டிக்கொண்டிருக்கும் உறைந்த இரத்தம் பழுப்பு நிறத்தில், விரலால் தள்ளினால் கட்டியாகப் பெயர்ந்து வரும். அழுகல் நீரில் அப்படிக் கட்டி வராது. அழுகிய சடலத்தில் உயிரோடு பட்ட அடிக்கு இதைவிட நல்ல சாட்சியை நான் அதிகம் பார்த்ததில்லை. தீயில் கருகிய தலை மட்டும் விதிவிலக்கு, அங்கே வெப்பத்தாலேயே டியூராவுக்கு வெளியே இரத்தம் சேரும்.

நெஞ்சில் சிவப்பு நீரைக் கண்டதும் இரத்தக்கசிவு என்று எழுதிவிடுவது வழக்கமான அவசரம். அழுகலில் இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாகச் சிவந்த நீர் சேரும். ஒரே பக்கத்தில், அதிகமாக, கட்டிகளோடு இருந்தால் மட்டும் வேறு விஷயம். குத்துக்காயத்தைத் தேடும்போது விலாக் குருத்தெலும்பை மறக்காதீர்கள். சதை கரைந்தாலும் குருத்தெலும்பில் கத்தி கீறிய தடம் நிற்கும். அதை அப்படியே வெட்டி எடுத்து வையுங்கள்.

ஹையாய்டு என்கிற, நாக்கின் அடியில் இருக்கும் லாட வடிவ எலும்பின் கொம்பு அசைந்தால் முறிவு என்று துள்ள வேண்டாம். பலருக்கு அந்த மூட்டு நடு வயது வரைக்கும், சிலருக்கு ஆயுள் முழுவதும் எலும்பாக இணைவதில்லை. அழுகினால் தானாகக் கழன்று வரும். கழன்ற முனை வழுவழுப்பாக, உருண்டையாக இருக்கும். முறிந்த முனை கரடுமுரடாக இருக்கும். முறிவுதான் என்றானாலும் அடுத்த கேள்வி அந்த முனையைச் சுற்றிய திசுவில் இரத்தம் இருக்கிறதா, எதிர்ப்பக்கத்துக் கொம்பைச் சுற்றி அதே நிறம் இருக்கிறதா என்பதுதான்.

எதிர்ப்பக்கத்தோடு ஒப்பிடுவது

எல்லா இடத்துக்கும் இந்த ஒரு சோதனையைத்தான் செய்கிறேன். சந்தேகப்படும் இடத்தில் எலும்பு வரை நேராக ஒரு கீறல். உடம்பின் எதிர்ப்பக்கத்தில், அதே மட்டத்தில், அதே ஆழத்துக்கு இன்னொன்று. இரண்டையும் ஒழுகும் தண்ணீரில் மெதுவாகக் காட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே நிறம், ஒரே ஆழம் என்றால் அழுகல். தோலடிக் கொழுப்பில் மட்டும் கறுப்பு, கீழே தசை வெளிறிக் கிடக்கிறது என்றாலும் பெரும்பாலும் அழுகல்தான். ஒரு பக்கம் மட்டும், ஓரம் வகுத்த மாதிரி, தசை நார்களுக்கு நடுவே கட்டியாக, எலும்புறை வரை இறங்கியிருந்தால், அதுவும் சடலம் கிடந்த வாட்டத்தில் மேல்பக்கமாக இருந்த இடத்தில் இருந்தால், நிமிர்ந்து உட்காருங்கள். இரத்தம் தானாக மேலே ஏறாது.

ஒரு கிணற்றுச் சடலத்தைச் சொல்கிறேன். நடுவயது ஆண். வெயில் காலம், உப்பி, முகம் அடையாளம் தெரியாத நிலை. வலது அக்குளில் பெரிய கிழிசல், அதைச் சுட்டித்தான் "ஆயுதத்தால் தாக்கப்பட்டாரா?" என்று கேட்டிருந்தார்கள். கிழிசலின் மேல் ஓரத்தில் தோல் உள்பக்கமாக மடங்கி, பாதை கீழிருந்து மேலே, தோள் மூட்டுக்குள் போனது. அடியில் கொழுப்பு வெளிறிய மஞ்சள். எடுத்த ஆளுக்குப் போன் போட்டோம். "ஆமாங்க, கரண்டி கொக்கி அங்கதான் மாட்டுச்சு, அத வச்சுதான் இழுத்தோம்." சரி, அது முடிந்தது. தலையில் வெளியே ஒரு கீறல்கூட இல்லை. தோலைப் பின்னால் மடித்தபோது பின்பக்கம் முழுக்கக் கறுப்பு. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. இடது டெம்பொராலிஸைக் கீறினால் அடர்ந்த பழுப்பில், எலும்பு வரை உறைந்த இரத்தம். வலதில் தசை வெளிறிய சிவப்பு, ஈரம், அவ்வளவே. இடது பக்கத்தில் மண்டை ஓட்டில் மெல்லிய முறிவு, அதன் விளிம்புகள் இரண்டிலும் கறை. டியூராவின் உள்ளே இடது பக்கம் மட்டும் ஒட்டிய கட்டிகள்.

அக்குள் காயம் இறந்த பின் ஏற்பட்டது, தலைக் காயம் உயிருடன் இருந்தபோது ஏற்பட்டது என்று தனித்தனியாக எழுதினேன். யாரோ அடித்ததா, விழும்போது கிணற்றுச் சுவரில் மோதியதா என்பதை எழுதவில்லை. விழும்போது உயிர் இருந்தால் அந்தக் காயமும் உயிர் இருந்தபோது பட்ட காயம்தான். "உயிரோடு பட்டது" என்றதும் "கொலை" என்று படிப்பது போலீஸின் பழக்கம். அதற்கு நீங்கள் இடம் கொடுக்க வேண்டாம்.

மைக்ராஸ்கோப்புக்கு அனுப்புவது

காயத்தின் ஓரத்தையும் பக்கத்தில் நல்ல திசுவையும் சேர்த்து ஒரு துண்டு. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒப்பீட்டுக்கு ஒரு துண்டு. தனித்தனி பாட்டில், 10 சதவீத ஃபார்மலின், திசுவைப் போல் பத்து மடங்கு அளவு. ரசாயனப் பரிசோதனைக்குப் போகும் விசெராவை (உள்ளுறுப்புத் துண்டுகளை) உப்புக் கரைசலில் போடுவீர்கள். இதையும் பழக்கதோஷத்தில் அதிலேயே போட்டுவிடாதீர்கள். ஒப்பீட்டுத் துண்டு இல்லாமல் வரும் பாட்டிலைப் பார்த்துப் பேத்தாலஜிக்காரர்கள் உதட்டைப் பிதுக்குவது நியாயம்தான்.

சாதாரண எச் அண்ட் ஈ சாயத்தில் அழுகிய திசுவில் சிவப்பணு தெரியாது, உடைந்து போயிருக்கும். காயத்துக்கு ஓடிவரும் வெள்ளணுக்களும் கரைந்திருக்கும். எனவே "ஒன்றும் தெரியவில்லை" என்ற பதிலுக்கு அர்த்தம் "காயம் இல்லை" என்பதல்ல. பெர்ல்ஸ் சாயம் இரும்பை நீலமாகக் காட்டும். கசிந்த இரத்தத்திலிருந்து வரும் இரும்பு நிறமியான ஹீமோசிடரின் உருவாக உயிர் இருக்கும்போதே இரண்டு மூன்று நாள் ஆகும் என்பதால், அது தெரிந்தால் அந்த ஆள் அடிபட்டபின் சில நாள் உயிரோடு இருந்திருக்கிறார். தெரியவில்லை என்றால் அடிபடவில்லை என்று ஆகாது. அடிபட்டு உடனே செத்தவருக்கும் அது இருக்காது. புதைத்துத் தோண்டிய சடலம் என்றால் மண்ணிலிருக்கும் இரும்பும் நீலமாகத் தெரியும், ஜாக்கிரதை. ஃபார்மலின் நிறமியும் பழுப்பாகத்தான் இருக்கும், ஆனால் அது பெர்ல்ஸில் நீலமாகாது.

கிளைகோபோரின் ஏ என்று ஒன்று இருக்கிறது. சிவப்பணு உறையில் இருக்கும் புரதம். அணு உடைந்து, உள்ளே இருந்த ஹீமோகுளோபின் ஊரெல்லாம் பரவிய பிறகும் இது உறைத் துணுக்குகளோடு அதே இடத்தில் கிடக்கும். ஆகவே அழுகலால் வந்த வெறும் சாயக் கறையையும், நிஜமாகவே சிவப்பணு வெளியே வந்த இடத்தையும் இம்யூனோ சாயம் (குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பிடித்துக் காட்டும் சாயம்) போட்டுப் பிரிக்கலாம். 1990-களில் ஜப்பானில் இதைத் தொடங்கினார்கள். மிலானில் கிறிஸ்டினா கத்தனேயோவின் குழு அழுகிய தோலிலும் காய்ந்த எலும்பிலும் இரத்தத்தின் மிச்சத்தைத் தேடிப் பார்த்திருக்கிறது. எல்லா மருத்துவக் கல்லூரியிலும் கிடைக்காது; புற்றுநோய் வேலை நடக்கும் பேத்தாலஜி துறைகளில் இம்யூனோ வசதி இருக்கும், கேட்டுப் பாருங்கள். அங்கேயும் ஒரு முடிச்சு உண்டு. சிவப்பணு குழாய்க்கு வெளியே இருக்கிறது என்று அது சொல்லும். எப்போது வெளியே வந்தது என்று சொல்லாது. செத்த கொஞ்ச நேரத்தில் தலைகீழாகக் கிடந்த உடம்பில் குத்தினாலும் இரத்தம் வெளியே வரும்.

மைக்ராஸ்கோப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் 1925-இல் நடந்த நார்மன் தார்ன் வழக்கு இன்னும் பேசப்படுகிறது. எல்சி கேமரன் என்ற பெண்ணைத் துண்டாக்கிக் கோழிப்பண்ணையில் புதைத்திருந்தான். அவள் தூக்கு மாட்டிக்கொண்டாள், பயந்துபோய்ப் புதைத்தேன் என்றான். கழுத்தில் தடமில்லை, இருப்பதெல்லாம் உயிரோடு பட்ட கன்றல்கள் என்றார் அரசுத் தரப்பு டாக்டர் ஸ்பில்ஸ்பரி. கழுத்துத் தோலை அவர் மைக்ராஸ்கோப்பில் பார்க்கவில்லை. மறுபடி தோண்டி எடுத்தபோது சடலம் இன்னும் கெட்டுவிட்டிருந்தது. எதிர்த்தரப்பு டாக்டர் பிராண்ட்டி கழுத்தில் தடம் இருந்தது என்றார். ஜூரி ஸ்பில்ஸ்பரியை நம்பியது, தார்ன் தூக்கில் தொங்கினான். அவன் சொன்னது பொய்யாகவே இருக்கலாம். ஆனால் முதல் நாளே ஒரு துண்டு எடுத்து வைத்திருந்தால் அந்தச் சண்டையே வந்திருக்காது.

எலும்பு மட்டும் மிஞ்சினால்

ஈரம் இருக்கும் எலும்பு உடைவது பச்சைக் குச்சி உடைவது மாதிரி: சாய்வாக, நார் விட்டு, சில இடத்தில் ஒடிந்தும் பிரியாமல் மடங்கி நிற்கும்; விளிம்பு கூராக, வழவழப்பாக இருக்கும். காய்ந்த எலும்பு நேர்குறுக்காக, பொடிப்பொடியாக உடையும். உடைந்த முகம் வெளிப்பரப்பைவிட வெளுத்திருந்தால் அது புது உடைப்பு. பெரும்பாலும் தோண்டியவனின் மண்வெட்டி.

ஆனால் செத்த அன்றே எலும்பு காய்ந்துவிடுவதில்லை. வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் பச்சையாகவே இருக்கும். அதனால் "ஈர எலும்பு முறிவு" என்பதை "மரணத்தை ஒட்டிய காலத்தில்" என்று மட்டும் எழுதலாம். உயிருடன் இருந்தபோது என்று எழுத ஆறிய அடையாளம் வேண்டும்: விளிம்பு மழுங்கியிருப்பது, புது எலும்பு படிந்திருப்பது. வெறும் கண்ணுக்கு அது தெரிய ஒரு வாரம், இரண்டு வாரம் பிடிக்கும். அடிபட்ட அன்றே செத்தவரிடம் அது ஒருபோதும் கிடைக்காது.

எழுதுவது

சடலத்துக்கு மொத்தமாக ஒரு கருத்து எழுதாதீர்கள். காயத்துக்குக் காயம் எழுதுங்கள். ரிப்போர்ட் ஆங்கிலத்தில் போகும், பொருள் இப்படி இருக்கட்டும்: "காயம் 1: இடது டெம்பொராலிஸ் தசையில் முழு ஆழத்துக்கு உறைந்த இரத்தம், எதிர்ப்பக்கத்தில் இல்லை, தாழ்ந்த பக்கத் தேக்கமாக இருந்தால் இரண்டு பக்கமும் இருந்திருக்கும், உயிருடன் இருந்தபோது ஏற்பட்டது. காயம் 2: அக்குள் கிழிசல், சடலத்தை எடுத்தபோது ஏற்பட்டதற்கு ஒத்துப்போகிறது. காயம் 3: பின்தலைத் தோலடிக் கறுப்பு, அழுகல் மாற்றத்திலிருந்து பிரிக்க இயலவில்லை, காரணம் இன்னது." மூன்றாவது வகைக்கு வெட்கப்படாதீர்கள். காரணத்தோடு எழுதிய "பிரிக்க இயலவில்லை"-யைக் குறுக்கு விசாரணையில் யாராலும் அசைக்க முடியாது. "அழுகியதால் இயலவில்லை" என்று மட்டும் எழுதியிருந்தால், நீங்கள் கீறிப் பார்த்தீர்களா, எங்கெங்கே, ஒப்பிட்டீர்களா என்று வக்கீல் ஒவ்வொன்றாகக் கேட்பார்.

திசுப் பரிசோதனை முடிவு வரும்வரை இறுதிக் கருத்தை நிலுவையில் வைக்கலாம். இன்ஸ்பெக்டர் வாய்மொழியாக ஏதாவது சொல்லுங்கள் என்று நச்சரிப்பார். அவருக்கும் மேலிருந்து நெருக்கடி இருக்கும். "டியூராவில் கட்டி இருக்கிறது, தலைக்காயத்தைச் சந்தேகியுங்கள், கிணற்று மேட்டைப் பாருங்கள்" என்கிற அளவுக்குச் சொல்வதில் தப்பில்லை. விசாரணை நிற்கக்கூடாது அல்லவா. அதே வார்த்தையை அன்றைய குறிப்பிலும் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முறிந்த எலும்பு, கீறல் விழுந்த குருத்தெலும்பு இவற்றைச் சடலத்தோடு அனுப்பாமல், சீல் வைத்து, ரசீது வாங்கி ஒப்படையுங்கள். சம்மன் வருவது சில சமயம் வருடக்கணக்கில் தள்ளி. அதற்குள் நீங்கள் இரண்டு ஊர் மாறியிருப்பீர்கள். கழுவும் முன்பும் பின்பும் எடுத்த போட்டோக்களின் ஒரு நகலை உங்கள் துறையில் வழக்கு எண் போட்டு விட்டுவிட்டுப் போங்கள்.